உயிர்களுக்குப் பெயரிடல்: அறிவியல் நெறியும் தமிழ் மரபும்

(மதுரையை அடுத்த ஒற்றைக்கடையில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



இக்கூட்டம் கூடியிருக்கும் ஊரின் பெயர் ஒற்றைக்கடை. மக்கள் வாய்மொழியில் அது ஒத்தக்கடை. ஒரே ஒரு கடை இருந்த இடம் என்பது அப்பெயர் தரும் பொருள். இன்றோ மேலூர்ச் சாலையின் இருமருங்கும் எண்ணத் தொலையாக் கடைகள். ஆயினும் ஊர்ப்பெயரை 'நூறுகடை' என மாற்ற எவரும் எண்ணியதில்லை. மாற்றினால் மடல் வந்து சேராது. பேருந்தில் ஏறியவர் இறங்குமிடம் அறியார். பெயர் என்பது பொருள் காட்டப் பிறக்கிறது. பிறந்தபின் அடையாளங் காட்டி நிற்கிறது. இவ்விரண்டும் வேறு வேறு பணிகள் என்பதை முதற்கண் உளங்கொள்ளல் வேண்டும்.

கண்ணை உயர்த்தினால் யானைமலை. துதிக்கையை முன்னே நீட்டிப் படுத்திருக்கும் யானையே போல் அது தோன்றுகிறது. அதனை முதன்முதல் யானை என்றழைத்தவன் எவனோ, அவன் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் அவன் செய்தது என்ன என்பதைச் சொல்லிவிடலாம். அவன் கூர்ந்து பார்த்தான், முன்பு கண்ட ஒன்றோடு ஒப்பிட்டான், பெயரிட்டான். பார்த்தல், ஒப்பிடல், பெயரிடல் என்னும் இம்மூன்றுமே உயிரியலார் போற்றும் வகைப்பாட்டியலின் அடிப்படை. ஆகவே அத்துறை தமிழனுக்கு அயலானதன்று. அதனை ஆங்கிலத்தில் மட்டுமே கற்க இயலும் எனக் கருதி ஒதுங்கி நிற்பதே அயன்மை.

ஒரு பூவும் பல பெயரும்

தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் அடுக்கப்பெற்ற 99 மலர்களுள் முதலாவது நிற்பதும் அதுவே. அச்செடியைச் சிற்றூர் மக்கள் கண்வலிக்கிழங்கு என்பர். கிழங்கின் வடிவு நோக்கிக் கலப்பைக்கிழங்கு என்பாரும் உளர். பூக்குங் காலம் நோக்கிக் கார்த்திகைப்பூ என்பர் ஈழத்தார். புலவன் நிறத்தைக் கண்டான்; உழவன் கிழங்கைக் கண்டான்; வேறொருவன் காலத்தைக் கண்டான். ஒவ்வொரு பெயரும் ஒரு பார்வை. இஃது மொழியின் வளமே அன்றிக் குறையன்று.

ஆயின் இவ்வளமே இடருமாகும் இடம் உண்டு. அக்கிழங்கு கடும் நஞ்சு. அதிலுள்ள கொல்சிசின் என்னும் பொருள் அளவறிந்து பயன்படுத்தின் கீல்வாத நோய்க்கு மருந்து. அளவு மீறின் உயிர் போக்கும். திண்டுக்கல், கரூர்ப் பகுதி உழவர் விளைவிக்கும் அதன் விதையை வெளிநாட்டு மருந்து வாணிகர் வாங்குகின்றனர். 'கலப்பைக்கிழங்கு' எனக் கேட்டால் செருமானியன் அறியான். 'கார்த்திகைப்பூ' என்றால் சப்பானியன் அறியான். எனவே எந்நாட்டார்க்கும் பொதுவான ஒரு பெயர் வேண்டப்பட்டது. அப்பெயர் குளோரியோசா சூப்பர்பா. புகழ்மிக்கது, மிகச் சிறந்தது என்பது அதன் இலத்தீன்பொருள். இப்பெயர் செங்காந்தள் என்னும் பெயரை அழிக்க வந்ததன்று. அதனோடு உடன் நிற்க வந்தது.

இருசொற் பெயர் பிறந்த கதை

சுவீடன் நாட்டு அறிஞர் காரல் இலின்னேயசு (1707–1778) தோன்றுவதற்கு முன் ஐரோப்பியர் நிலைத்திணைக்கு இட்ட பெயர்கள் பெயர்களாக இல்லை, நெடுந்தொடர்களாக இருந்தன. சிற்றூர்ச் சிறுவர் பறித்து நெற்றியில் அடித்துச் சொடக்கென வெடிக்கச் செய்யும் சொடக்குத் தக்காளியை எல்லாரும் அறிவர். அதன் உறவான ஒரு செடிக்கு அன்று வழங்கிய பெயரின் பொருள், 'ஓராண்டு வாழ்வதும், மிகுதியாகக் கிளைப்பதும், கோணமுடைய வழுவழுப்பான கிளைகளும் பல்விளிம்பு இலைகளும் கொண்டதுமான பைசாலிசு' என்பதாகும். இத்தொடரை மனப்பாடஞ் செய்து முடிக்குமுன் செடி பட்டுப்போம்! இலின்னேயசு அதனை வெட்டிப் 'பைசாலிசு அங்குலேட்டா', அதாவது 'கோணமுள்ள பைசாலிசு' என இரு சொல்லாக்கினார். தமிழ்ச் சிறுவனோ எவர் கற்பித்தும் அன்றித் தானே 'சொடக்குத் தக்காளி' என இரு சொல்லால் அழைத்திருந்தான். முன்னது அடை, பின்னது இனப்பெயர். இலத்தீனில் இனப்பெயர் முன்னும் அடை பின்னும் வரும். தமிழில் அடை முன்னும் இனப்பெயர் பின்னும் வரும். முறை ஒன்றே, வரிசை மட்டுமே வேறு.

இலின்னேயசு நிலைத்திணைக்காக 1753ஆம் ஆண்டிலும், விலங்குகட்காக 1758ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூல்களே இன்றுவரை பெயரீட்டின் தொடக்க எல்லை. அவற்றிற்கு முற்பட்ட பெயர்கட்கு அறிவியலில் உரிமையில்லை. அதன்பின் பன்னாட்டு அறிஞர் கூடிச் சில நெறிகளை வகுத்தனர். ஓர் உயிர்க்கு ஒரு பெயரே உரியது. இரு பெயர் இருப்பின் முந்தியதே நிற்கும். பெயரை வாயால் சொன்னால் போதாது. உயிரின் இயல்பை விளக்கி முறையாக வெளியிடல் வேண்டும். அப்பெயர்க்குச் சான்றாக அவ்வுயிரின் உடல் ஒன்றைக் காப்பகத்தில் வைத்தல் வேண்டும். நூறாண்டு கழித்து ஐயம் எழுந்தால், 'இப்பெயர் இதற்கே உரியது' என்று அச்சான்றே வழக்குத் தீர்க்கும்.

இன்னொரு நெறி, ஒற்றைக்கடையார் எளிதில் உணரத்தக்கது. ஒருமுறை முறையாக இடப்பட்ட பெயர், பொருள் பொருந்தவில்லை என்பதற்காக நீக்கப்படுவதில்லை. புளியமரத்தைப் பாருங்கள். அதன் அறிவியற்பெயர் தமரிண்டசு இண்டிகா. முதற்சொல் 'இந்தியப் பேரீச்சை' எனப் பொருள்படும் அரபுத் தொடரின் திரிபு. இரண்டாஞ்சொல் 'இந்தியாவினது' என்பது. ஆனால் புளி பேரீச்சையும் அன்று. அதன் தாயகம் இந்தியாவும் அன்று, ஆப்பிரிக்கா. இரு சொல்லும் பிழை. எனினும் பெயர் நிற்கிறது, நூறு கடைகளுக்கு நடுவே ஒற்றைக்கடை நிற்பது போல!

பெயரிட்டால் மட்டும் போதுமா? இனம் இனமாக அடுக்கவும் வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அவ்வடுக்கினை உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என ஏழாகக் கூறும். இது கடித முகவரி போன்றது. உலகம் என்பது நாடு, தொகுதி மாநிலம், வகுப்பு மாவட்டம், வரிசை வட்டம், குடும்பம் ஊர், பேரினம் தெரு, சிற்றினம் வீடு. இலின்னேயசு காலத்தில் இவ்வடுக்கு தோற்ற ஒற்றுமையால் அமைந்தது. 1859ஆம் ஆண்டில் தார்வின் தம் நூலை வெளியிட்டபின், ஒற்றுமைக்குக் கரணியம் உறவே என்பது விளங்கிற்று. இன்று மரபணுவைப் படித்து அவ்வுறவு அளக்கப்படுகிறது. எனவே வகைப்பாடு என்பது இன்று உயிர்களின் குடிவழி வரலாறே ஆகும்.

உலகப் பெயர்களில் தென்னாட்டுச் சொற்கள்

அறிவியற்பெயர் யாவும் கிரேக்கமும் இலத்தீனுமே எனக் கருதுவார் உளர். அது மெய்யன்று. முருங்கையின் பேரினப் பெயர் மொரிங்கா; அது முருங்கையே. 1753இல் இலின்னேயசு அதனைச் சிற்றினப் பெயராக வைத்தார்; பின்னர் அது பேரினப் பெயராக உயர்ந்தது. புங்கமரம் பொங்கமியா. பாவட்டை பாவெட்டா. பசளை பசெல்லா. ஏலம் எலெட்டாரியா. அடைக்காய் எனத் தமிழிலும் அடைக்கா என மலையாளத்திலும் வழங்கும் பாக்கு, போர்த்துக்கீசியர் வாய்ப்பட்டு அரெக்கா ஆயிற்று. இதில் ஒரு வியப்புண்டு. பனை, தெங்கு, பாக்கு, ஈந்து ஆகிய எல்லாவற்றையும் உள்ளடக்கிய குடும்பத்திற்கு அரெக்கேசியே என்றே பெயர். உலகில் எங்குப் பனையினத்தைப் பற்றி எழுதினும், எழுதுவோன் அறிந்தோ அறியாமலோ தென்னாட்டுப் பாக்கின் பெயரைச் சொல்லியே தீரவேண்டும்.

இச்சொற்கள் எவ்வாறு அங்குச் சென்றன? கொச்சியில் ஒல்லாந்தர் ஆளுநராக இருந்த வான் ரீடு, மலையாளக் கரையின் நிலைத்திணை பற்றிப் பன்னிரு பெருந்தொகுதிகளை 1678 முதல் 1693 வரை ஆம்சுட்டர்டாமில் வெளியிடச் செய்தார். அந்நூலுக்குச் செடிகளைக் காட்டியும் பெயர் சொல்லியும் மருந்து கூறியும் உதவியவருள் முதல்வர் சேர்த்தலைப் பக்கத்து ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன். தம் குடும்பத்து ஏட்டுச்சுவடிகளின் அறிவைத் தாம் வழங்கியதாக அவர் 1675இல் அளித்த சான்றுரை, வட்டெழுத்தின் வழிவந்த கோலெழுத்திலேயே முதல் தொகுதியில் அச்சாகியுள்ளது. இலின்னேயசு அந்நூலைப் பெரிதும் பயன்கொண்டார். பேரறிஞன் இலின்னேயசின் நூலுக்குள் தென்னாட்டுச் சொற்கள் நுழைந்த வாயில், குமுகாயம் தாழ்த்தி வைத்திருந்த ஒரு மருத்துவனின் வாய் என்பதை மறத்தல் ஆகாது.

தமிழகக் கரையிலும் இத்தொடர்பு உண்டு. இலின்னேயசின் மாணாக்கர் கோனிக் என்பார் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1785இல் இறக்கும்வரை தென்னாட்டு நிலைத்திணையைத் தேடித் திரிந்தார். அடுக்களையில் நாள்தோறும் தாளிக்கப்படும் கறிவேப்பிலையின் சிற்றினப் பெயர் கோனிகீ. தரங்கம்பாடிக் கோனிக்கின் நினைவாக ஆசான் இட்ட பெயர் அது.

தொல்காப்பியர் கண்ட பகுப்பு

இனித் தமிழின் பழம் பகுப்பினைக் காண்போம். தொல்காப்பிய மரபியல், உயிர்களைப் புலனறிவின் எண்ணிக்கையால் ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுக்கிறது. இளமைப்பெயர், ஆண்பாற்பெயர், பெண்பாற்பெயர் ஆகியன எவ்வெவ்வுயிர்க்கு உரியன என்றும் வரையறுக்கிறது. யானைக்குக் களிறும் பிடியும், குரங்குக்குக் கடுவனும் மந்தியும், மானுக்குக் கலையும் பிணையும் வழங்கக் கண்டவர், உயிர்களை மெய்யாகவே நோக்கியவர் ஆவர்.

அம்மரபியலில் மிகக் கூரிய பகுதி புல்லும் மரமும் பற்றியது. புறத்தே வயிரம் உடையன புல். அகத்தே வயிரம் உடையன மரம் என்பது தொல்காப்பியர் கொள்கை. அதன்படி வானுற ஓங்கிய பனையும் தெங்கும் மூங்கிலும் புல்; வேம்பும் புளியும் மரம். உயரம் அவரை ஏமாற்றவில்லை. பனையை அறுத்துப் பார்த்தவர் எவரும் அறிவர்: வெளிப்புறம் இரும்பு, உட்புறம் சோறு. இன்றைய உயிரியல் பனையையும் புல்லையும் ஒருவித்திலைப் பிரிவில் அருகருகே வைக்கிறது. வேம்பும் புளியும் இருவித்திலையின. மாவுக்கு இலையும் தெங்குக்கு ஓலையும் என மக்கள் இன்றும் வேறுபடுத்தி வழங்குவது, அப்பழம் பகுப்பு இன்னும் நாவில் வாழ்வதற்குச் சான்று.

ஆயின் தமிழ்ப்பற்று மெய்யை மறைத்தல் கூடாது. மரபியல் எறும்பையும் சிதலையும் மூவறிவுயிரென ஒருங்கு வைக்கிறது; நண்டையும் தும்பியையும் நான்கறிவுயிரென ஒருங்கு வைக்கிறது. புலன்களை எண்ணிய பகுப்பில் அது பொருந்தும். குடிவழிப் பகுப்பில் பொருந்தாது. சிதல் என்னும் கறையான், கரப்பானின் கிளைவழி வந்தது. எறும்போ குளவி, தேனீக்களின் உறவு. தொல்காப்பியர் வினவிய வினா வேறு. உயிரியலார் வினவும் வினா வேறு. 'எல்லாம் எம் முன்னோர் சொல்லிவிட்டனர்' எனக் கூறி நூலை மூடுவோர், முன்னோரின் பார்வையைப் போற்றுவோர் அல்லர். அவர் பார்த்ததுபோல் தாமும் பார்ப்போரே அவர்தம் வழித்தோன்றல்கள்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. கறையானைக் கண்ட ஆங்கிலேயன் அதனை 'வெள்ளை எறும்பு' என்றான். தமிழனோ கறையான், சிதல், செல் என எறும்பின் பெயர் கலவாமல் தனிப்பெயர் இட்டான். பகுப்பிலே ஒருங்கு வைத்த மொழி, பெயரிலே பிரித்தே வைத்தது.

மக்கள் வழங்கும் பெயர்களில் இத்தகைய நுட்பம் பல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செங்காயைத் தமிழர், தாம் முன்பே அறிந்த மணத்தக்காளியோடு ஒப்பிட்டுச் சீமைத் தக்காளி என்றனர். இலின்னேயசும் இரண்டையும் சொலானம் என்னும் ஒரே பேரினத்தில் வைத்தார். ஆனால் 1768இல் வேறோர் அறிஞர் சீமைத் தக்காளியைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். இருநூறாண்டுக்கு மேல் நூல்கள் அப்பிரிவையே ஓதின. அண்மைக்கால மரபணு ஆய்வோ அதனை மீண்டும் சொலானத்துக்கே கொண்டு வந்து சேர்த்தது. இருநூறாண்டு சுற்றி அறிவியல் வந்தடைந்த இடத்தில் காய்கறி விற்கும் மூதாட்டி முன்னரே அமர்ந்திருந்தாள்!

மாறாக மக்கட்பெயர் வழிதவறச் செய்வதும் உண்டு. வேம்பு, மலைவேம்பு, கறிவேம்பு, நிலவேம்பு என நான்கு வேம்புகள். முதலிரண்டும் ஒரே குடும்பத்தின. கறிவேம்போ எலுமிச்சையின் குடும்பம். நிலவேம்பு ஆடாதோடையின் குடும்பம். இலை வடிவும் கசப்பும் பெயரை இணைத்தன, பிறப்பு இணைக்கவில்லை. மருந்துக்குச் செடி தேடுவோர் இதனை அறியாவிடின் பெயரே அவர்க்குப் பகையாகும்.

தன்னைத் திருத்திக்கொள்ளும் நெறி

அறிவியலின் பெருமை அதன் பிழையின்மையில் இல்லை. பிழையை ஒப்பி அதனைத் திருத்தும் நேர்மையில் இருக்கிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியே இதற்கு எடுத்துக்காட்டு. இலின்னேயசு 1753இல் மல்லிகையைப் பவளமல்லியோடு சேர்த்து, 'இரவுப்பூ' எனப் பொருள்படும் நிக்டாந்தெசு என்னும் ஒரே பேரினத்தில் வைத்தார். இரண்டும் இரவில் மணப்பன. ஆயினும் காம்பும் கனியும் வேறு. 1789இல் ஐட்டன் என்னும் தோட்டக்கலை அறிஞர் மல்லிகையைப் பிரித்து, முல்லையும் பிச்சியும் இருக்கும் யாசுமினம் பேரினத்தில் சேர்த்தார். அதனால் மல்லிகையின் முழுப்பெயரில் முதலில் பெயரிட்டவர் குறி வளைவுக்குள்ளும், இடம் மாற்றியவர் பெயர் வெளியிலும் எழுதப்படும். பிழைத்தவரையும் அழிக்காது, திருத்தியவரையும் மறவாது இருவர்க்கும் இடந்தரும் முறை அது.

வரையாடு மற்றோர் எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய அதனை ஆங்கிலத்தார் இமயமலைத் தார் என்னும் விலங்கின் உறவெனக் கொண்டு, எமிட்டிராகசு என்னும் பேரினத்தில் வைத்திருந்தனர். 2005இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அதன் நெருங்கிய உறவு இமயத்தில் இல்லை, செம்மறி இனத்தோடு உள்ளது எனக் காட்டிற்று. அதனால் அதற்கென்றே நீலகிரியின் பெயர் தாங்கிய புதுப் பேரினம் அமைந்தது. உலகில் அப்பேரினத்தில் வாழ்வது வரையாடு ஒன்றே. தன் வகையில் தனித்து நிற்கும் உயிர் என்று தெரிந்தபின், அதனை இழத்தல் ஒரு விலங்கை இழத்தலன்று. ஒரு குடிவழியையே இழத்தல் என்பது விளங்கிற்று. பெயர் மாற்றம் வெறும் எழுத்து மாற்றம் அன்று என்பதற்கு இதுவே சான்று.

புதிய பெயர்களில் தமிழும் புகுந்து வருகிறது. 2016இல் தென்தமிழகத்திலிருந்து விளக்கப்பெற்ற விசிறித்தொண்டை ஓணான் ஒன்றுக்கு ஆய்வாளர் இட்ட பெயர் சிட்டானா மருதம்நெய்தல். அது வாழும் நிலம் நோக்கித் திணைப்பெயர்களையே சிற்றினப் பெயராக்கினர். எம்மொழிச் சொல்லையும் இலத்தீன் எழுத்தில் எழுதிப் பெயராக்க நெறி இடந்தருகிறது. 2012ஆம் ஆண்டு தொடங்கி நிலைத்திணையின் விளக்கவுரை இலத்தீனில் மட்டுமே இருத்தல் வேண்டும் என்னும் கட்டாயமும் நீங்கிற்று, ஆங்கிலத்திலும் எழுதலாம். வாயில் திறந்தே உள்ளது. உள்ளே செல்வோர் வேண்டும்.

பெயரில் இழிவு வேண்டா

பெயருக்கு வலிமையுண்டு, ஆதலின் பெயரால் இழிவுஞ் செய்யலாம். கரும்பருந்தையும் தெருநாயையும் ஆங்கில நூல்கள், பறையர் என்னும் தமிழ்க்குடிப் பெயரை அடையாக்கி அழைத்தன. ஒரு மக்கட்பிரிவின் பெயரைத் தாழ்வின் குறியாக்கிப் பறவைக்கும் விலங்குக்கும் இட்ட கொடுமை அது. பறவை நூல்கள் இப்போது கரும்பருந்து என்னும் பொருள்பட எழுதுவது நன்று. முள்முருங்கையின் உறவான தென்னாப்பிரிக்க மரமொன்றின் பெயரிலும், அதுபோல் 200க்கும் மேற்பட்ட உயிர்களின் பெயரிலும் கறுப்பின மக்களை இகழும் சொல் இருந்தது. 2024இல் மாட்ரிட்டு நகரில் கூடிய நிலைத்திணையியலார் வாக்கெடுத்து, அச்சொல்லை ஆப்பிரிக்கா என்னும் பொருள்படத் திருத்த முடிவு செய்தனர். பொருள் பொருந்தாப் பெயரையும் நீக்காத நெறி, மாந்தரை இழிக்கும் பெயரை நீக்க இசைந்தது. இது போற்றத்தக்கது.

தமிழ்க் கலைச்சொல்லிலும் இக்கருத்து வேண்டும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வரிசைக்கு 'வருணம்' என்றும், பேரினத்துக்குச் 'சாதி' என்றும் சொற்கள் வழங்கின. மாந்தரை மேல்கீழாக அடுக்கிய சொற்களை உயிரியலுள் நுழைத்தால், வகைப்பாடு என்பதே ஏற்றத்தாழ்வு என்னும் நஞ்சு மாணவர் நெஞ்சில் படியும். வகைப்பாட்டில் மேற்படி என்பது பெரிய குழு. உயர்ந்த குழு அன்று. இலின்னேயசே 1758இல் மாந்தனுக்கு ஓமோ சேப்பியன்சு எனப் பெயரிட்டுவிட்டு, அதே நூலில் மாந்தரை நிறத்தால் நான்காக்கி, ஒவ்வொன்றிற்கும் குணமும் கற்பித்துப் பிழை செய்தார். பிற்கால அறிவியல் அப்பகுப்பைத் தள்ளிற்று. இன்று வாழும் மாந்தர் எல்லாரும் ஒரே சிற்றினம். இதனை உணர்த்தப் பேரினம், சிற்றினம், வரிசை என்னும் தூய சொற்களே தக்கன.

அரிட்டாபட்டி தரும் பாடம்

ஒற்றைக்கடையிலிருந்து மேலூர்ச் சாலையிற் சென்றால் அணித்தே அரிட்டாபட்டி. தமிழிக் கல்வெட்டும் பாண்டியர் குடைவரையும் தாங்கிய குன்றுகள் அங்குண்டு. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களின் 193 எக்டேர் நிலம், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர் மரபுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. எதனால்? அங்கு வாழும் உயிர்கள் பெயர் பெயராகப் பதியப்பட்டிருந்ததால். ஏறத்தாழ 250 வகைப் பறவைகள். அவற்றுள் இலகர் வல்லூறு, சாகீன் வல்லூறு, பொனெல்லிக் கழுகு ஆகிய வேட்டைப் பறவைகள். எறும்புண்ணி, தேவாங்கு, மலைப்பாம்பு ஆகியன.

ஈராண்டு கழிந்தது. 2024 நவம்பரில், அம்மரபுச்சின்னத்தையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 2,015 எக்டேர் பரப்பில் தங்குசுட்டன் சுரங்கம் அமைக்க நடுவணரசு விட்ட ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது. ஊர்கள் திரண்டன. திசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானித்தது. 2025 சனவரியில் மேலூர்ப் பகுதி உழவர் பல்லாயிரவர் மதுரை நோக்கி நடந்தனர். அத்திங்களிலேயே ஏலம் நீக்கப்பட்டது. குன்றுகளைக் காத்தது மக்கள் திரட்சியே. ஆயின் அம்மக்கள் கையில் ஒரு பட்டியல் இருந்தது. 'இங்கு வெறும் பாறை இல்லை. இன்ன பறவை, இன்ன விலங்கு, இன்ன செடி உண்டு' எனச் சொல்ல முடிந்தது. பெயரில்லாத உயிர்க்காக எந்த மன்றத்திலும் வழக்காட இயலாது.

ஆயினும் அப்பட்டியலில் ஒரு குறையுண்டு. பொனெல்லி என்பார் இத்தாலிய அறிஞர். அவர் பெயரைத் தாங்கிய கழுகு பாண்டிநாட்டுக் குன்றில் கூடு கட்டுகிறது. அதனை நாள்தோறும் கண்டு, குட்டியைத் தூக்குமோ என அஞ்சி நிற்கும் ஆட்டிடையர் அதனை என்னவென்று அழைக்கின்றனர்? நூலில் ஏறவேண்டிய பெயர் அதுவன்றோ?

இதற்குச் சட்டமே வழி வகுத்துள்ளது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்தல் வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதுதல் வேண்டும். ஊரார் வழங்கும் பெயரையும் அவர்தம் பயன்பாட்டறிவையும் அதில் பதிதல் வேண்டும். அது வெறும் அலுவலக ஏடன்று. ஊரார் அறிவை வெளியார் கவர்ந்து தம்முடையதென உரிமை கொண்டாடும்போது, அவ்வேடே ஊரின் ஆவணம். இட்டி அச்சுதனின் சான்றுரை முந்நூற்றைம்பது ஆண்டுக்குப் பின்னும் நிற்பது, அஃது எழுதப்பட்டதால் அன்றோ?

செய்ய வேண்டுவன

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட உயிர்கள் ஏறத்தாழ 20 இலக்கம். நுண்ணுயிர் நீங்கலாக 87 இலக்கம் இருக்கலாம் என 2011இல் ஓர் ஆய்வு கணித்தது. பெயர் பெறாமலே மறையும் உயிர்கள் பல. அதுபோல், எழுதப்படாமலே மறையும் பெயர்களும் பல. ஒரு மூதாட்டி மறையும்போது அவரோடு நூறு செடிகளின் பெயர் மறைகிறது. பின்னர் அச்செடிகள் 'களை' என்னும் ஒரே பெயரால் பிடுங்கப்படுகின்றன.

ஆகவே மாணவரே! 1965இல் நிறுவப்பட்ட வேளாண்மைக் கல்லூரி இவ்வூரிலேயே உள்ளது. ஆட்டிடையரும் நாட்டு மருத்துவரும் அதனைச் சுற்றிய ஊர்களிலேயே உள்ளனர். இவ்விரு சாராரையும் இணைக்கும் பாலம் நீவிரே. முதியோரிடம் சென்று பெயரைக் கேளுங்கள். கேட்ட சொல்லைத் திருத்தாமல் சொன்னவாறே எழுதுங்கள். எந்த ஊரில், எந்நாளில், எவர் சொன்னார் என்று குறியுங்கள். செடியின் பூவும் இலையும் கொண்ட கிளையொன்றைத் தாளிடையே அழுத்தி உலர்த்துங்கள். சான்றில்லாப் பெயர் ஊர்பேர் இல்லா மடல். பின்னர் அறிந்தோரிடங் காட்டி அறிவியற்பெயரையும் உடன் எழுதுங்கள். திருச்சித் தூய வளனார் கல்லூரியின் இராபினாட் காப்பகத்தில் அருட்தந்தை மாத்தியூ இவ்வாறு திரட்டிய செடிகளைக் கொண்டே, தமிழ்நாட்டுச் சமவெளி நிலைத்திணை பற்றிய பெருநூல் 1980களில் எழுந்தது. ஒருவர் தொடங்கியதை ஒரு தலைமுறை தொடர இயலாதா?

யானைமலைக்குப் பெயரிட்டவன் பெயர் தெரியாது. ஆனால் அவன் இட்ட பெயர் நிற்கிறது. ஒவ்வோர் ஊரின் உயிர்களும் ஒவ்வொரு பெயரோடு ஏட்டில் ஏறட்டும். எழுதியவர் பெயர் மறைந்தாலும் குற்றமில்லை. எழுதப்பட்ட பெயர் நிற்கும். அது நிற்கும்வரை அவ்வுயிருக்காகப் பேச ஒரு சொல் இருக்கும்.

வாழ்க தமிழ்! வாழ்க பல்லுயிர்!